ஐம்பத்திரண்டாம் ஃபாரம்

இரண்டுமே நான் கட்டியதுதான் அம்மா. இது சரி, அது போலி என்று ஒன்றைத் தள்ளிவிட முடியாது. இரண்டிலும் என் கைதான் இருக்கிறது.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், சுவரோரம் இருப்பதில் உட்காருங்கள். பையிலிருந்து இரண்டு புத்தகத்தையும் எடுத்து நீங்கள் அருகருகே வைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. யாராவது ஒருநாள் இப்படி இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்பார்கள் என்று தெரியும். ஒன்றரை வருடமாகத் தெரியும். நீங்களே வருவீர்கள் என்று நினைக்கவில்லை. வாசலில் நின்று பெயரைச் சொன்னீர்களே, முப்பிடாதி என்று, அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. அந்தப் பெயரை எனக்குத் தெரியும். பொருளடக்கத்தில் அறுபத்து நான்காவது பெயர். பக்கம் நானூற்று ஒன்பது.

முதலாளி உங்களிடம் என்ன சொன்னார்? பைண்டிங்கில் ஏதாவது கலந்து போயிருக்கும், முத்துக்குட்டியைக் கேளுங்கள் என்றுதானே? கலந்து போகவில்லை அம்மா. நாற்பது வருடத்தில் என் கையில் ஒரு ஃபாரம் மாறி ஒரு புத்தகம் வெளியே போனது கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கலந்து போயிருந்தால் நான் இப்போது உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசியிருப்பேன்.

ஃபாரம் என்றால் உங்களுக்குப் புரியுமா? படித்தவர்கள், புரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மெஷினில் ஒரு தாள் ஓடினால் எட்டுப் பக்கம். மடித்தால் அது ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி முதுகில் தைத்தால் புத்தகம். உங்கள் கருத்தரங்கப் புத்தகம் எழுபத்தேழு ஃபாரம். எழுபத்தேழு எட்டு அறுநூற்றுப் பதினாறு. இரண்டாவது தாளில் போட்டிருக்கும் பாருங்கள், பக்கங்கள் 616 என்று. முந்நூறு படி அடித்தோம். முந்நூறையும் நான்தான் தைத்தேன். இருநூற்று எண்பத்தொன்பது போயிற்று, பதினொன்று அச்சகத்திலேயே தங்கிவிட்டது. அந்தப் பதினொன்றில் ஒன்றுதான் இது. நூலக முத்திரை இருக்கிறதே, இது.

அந்த சார் இன்டர்வியூவுக்குக் கொண்டுபோன புத்தகம் துறை நூலகத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார் என்று நினைத்தேன். அலமாரியில் நிற்குமென்று தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாய் வருகிறது. அது சரியில்லை. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேன். இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்திருப்பேன்.

ஒரே ஒரு தடவைதான் அம்மா. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு புத்தகம்.

அது இன்டர்வியூ காலம். உங்களுக்கே தெரியும். பத்து வருடமாக ஆள் எடுக்காத பல்கலைக்கழகத்தில் ஒரேயடியாக எடுக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்ததும், இந்த ஊரில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் அச்சகத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்குமாக நடந்தார்கள். புத்தகம் தொலைந்தவர்கள் வருவார்கள், அட்டை கிழிந்தவர்கள் வருவார்கள். 'அண்ணாச்சி, இந்த அட்டையை மட்டும் ஒட்டித் தாங்க, நாளைக்கு சர்ட்டிபிகேட் பாக்காவ' என்பார்கள். நான் ஒட்டிக் கொடுப்பேன். எல்லார் கையிலும் ஒரு கோப்பு இருக்கும். தன்விவரக் குறிப்பு. பத்துப் பக்கம், பதினைந்து பக்கம். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் எண்களைப் பார்ப்பேன். கட்டுரை இத்தனை, கருத்தரங்கம் இத்தனை, பயிலரங்கம் இத்தனை. ஒரு மனிதன் செய்ததையெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு அடுக்கிவைப்பது எவ்வளவு நல்ல காரியம் என்று நினைப்பேன். என்னைப் பற்றி எழுதினால் நாலு வரி வராது.

கோமதிநாயகம் சார் வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். முதலாளியின் சின்னம்மை மகளைக் கட்டியவர். அவர் அழுகிற நிலையில் இருந்தார். கோப்பை விரித்து முதலாளியிடம் காட்டினார்.

'மச்சான், பத்துன்னு எழுதி அனுப்பிட்டேன். ஒம்பதுதான் இருக்கு.'

'எது பத்து?'

'கட்டுரை. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால வந்த கட்டுரை. பத்து இருந்தா முழு மார்க்கு. நானும் வரிசையா எண் போட்டு எழுதிட்டேன். இப்ப ஒரிஜினல் கொண்டா, புத்தகத்தோட கொண்டாங்கான். எட்டாவது நம்பருக்குப் புத்தகமே இல்ல.'

'எழுதாத கட்டுரைய ஏம் வே போட்டீரு?'

'எழுதாம இல்ல மச்சான். நம்ம அச்சகத்துல அடிச்சமே, அந்தக் கருத்தரங்கம். அதுல நான் மேடையில வாசிச்சேன். கைதட்டுனாவ. சான்றிதழ் கொடுத்தாவ. கட்டுரைய நாள் முடியறதுக்குள்ள குடுக்கல, அம்புட்டுதான். வாசிச்சது வாசிச்சதுதான?'

நான் அந்த வரிசையை எட்டிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து பத்து வரை அழகாக இருந்தது. ஒன்று முதல் ஏழு வரை பக்கத்தில் பென்சிலால் சரிக் குறி. ஒன்பது, பத்துக்கும் சரிக் குறி. எட்டுக்கு மட்டும் இல்லை. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்ததே அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான். அவர் பொய் எழுதியிருக்கிறார் என்று தோன்றவே இல்லை. கணக்கு ஒன்று குறைகிறது என்றுதான் தோன்றியது. தாளில் பத்து, கையில் ஒன்பது. அதைச் சரிசெய்துவிட வேண்டும் போல எனக்குக் கை அரித்தது.

முதலாளி பெரிதாக யோசிக்கவில்லை. 'கட்டுரைய எட்டுப் பக்கமா அடிச்சுத் தாரும். மிச்சம் இருக்கிற புத்தகத்துல ஒண்ண எடுத்து, கடைசியில ஒரு ஃபாரத்தச் சேத்துத் தைச்சுருவோம். பொருளடக்கத்துல ஒரு வரி கூட்டிருவோம். என்ன அண்ணாச்சி?'

அம்மா, இந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். முதலாளி சொன்னபடி செய்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. அது தப்புத்தான். ஆனால் உங்கள் கட்டுரை உங்கள் இடத்தில் இருந்திருக்கும். அவர் சொன்னது அதுதான். மாற்றியது நான்.

'சேத்தா எழுபத்தெட்டு ஃபாரம் ஆயிரும் முதலாளி. அறுநூத்து இருபத்து நாலு பக்கம். உள்ள அறுநூத்துப் பதினாறுன்னு அடிச்சிருக்கு. முன்னுரையில தொண்ணூத்தேழு கட்டுரைன்னு இருக்கு. இது தொண்ணூத்தெட்டு ஆயிரும்' என்றேன்.

'எவன் எண்ணப் போறான்?'

'நான் எண்ணுவேன்' என்றேன்.

முதலாளி சிரித்தார். கோமதிநாயகம் சாரும் சிரித்தார். 'அப்ப முதல் ஃபாரத்தையும் புதுசா அடிச்சு, தொண்ணூத்தெட்டுன்னு மாத்திருவோம்' என்றார் முதலாளி. அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த முன்னுரை எழுதிய பேராசிரியர் இறந்துபோய் அப்போது இரண்டு வருடம். கையெழுத்து வேறு போட்டிருக்கிறார். இறந்துபோனவர் தொண்ணூற்றேழு என்று எழுதிக் கையெழுத்திட்டதை நாம் தொண்ணூற்றெட்டு ஆக்குவது தர்மம் இல்லை என்றேன். தர்மம் என்ற சொல்லையே சொன்னேன். முதலாளிக்குச் சலித்துப் போயிற்று. 'அப்ப என்னதான் செய்யணுங்கியரு?' என்றார்.

'ஒண்ணு உள்ள போனா ஒண்ணு வெளிய வரணும்' என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. வேறு யாரும் சொல்லவில்லை.

பிறகு நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தேன். தொண்ணூற்றேழு கட்டுரையையும் பார்த்தேன். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. ஒரு கட்டுரை ஒரு ஃபாரத்தின் நடுவில் முடியும், அடுத்தது அங்கேயே தொடங்கும். ஒன்றை எடுத்தால் இன்னொன்றின் வாலோ தலையோ சேர்ந்து வரும். ஐந்து பக்கம், பதினொரு பக்கம், மூன்றரைப் பக்கம். ஒருவர் பத்தொன்பது பக்கம் எழுதியிருந்தார். கருத்தரங்க அறிவிப்பில் கட்டுரை சரியாக எட்டுப் பக்கம் என்று போட்டிருந்தார்களாம், யார் மதித்தார்கள்? அப்படிப் பார்த்துக்கொண்டே வரும்போது ஐம்பத்திரண்டாம் ஃபாரம். நானூற்று ஒன்பதில் தொடங்குகிறது. நானூற்றுப் பதினாறில் கடைசி வரிக்குக் கீழே அடிக்குறிப்போடு முடிகிறது. எட்டே எட்டுப் பக்கம். முன்னால் ஒருவரைத் தொடவில்லை, பின்னால் ஒருவரைத் தொடவில்லை. தொண்ணூற்றேழில் ஒன்றே ஒன்று.

நீங்கள் ஒழுங்காக எழுதியதுதான் காரணம் அம்மா. சொன்ன அளவில் எழுதியது நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் என் கத்திக்கு வசமாகப் போயிற்று.

அப்போது எனக்கு என்ன வந்தது தெரியுமா? மகிழ்ச்சி. மறைக்கவில்லை. நல்ல கணக்கு ஒன்று அமைந்தால் வருமே, அந்த மகிழ்ச்சி. பெயரைப் பார்த்தேன். முனைவர் பே. முப்பிடாதி. எங்கள் பக்கத்து அம்மன் பெயர். இப்படிப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை டாக்டர் பட்டம் வரை போயிருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, சுண்டுவிரல் நகத்தால் அந்த ஃபாரத்தின் ஓரத்தில் அடையாளம் வைத்தேன். அடுத்த நிமிடம்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். சாப்பிட எழுந்திருக்கவில்லை. கோமதிநாயகம் சாருடைய கட்டுரை ஆறரைப் பக்கம்தான் வந்தது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி எட்டாக்கினார்கள். பழைய தாள் வேண்டுமே? அந்த வேலையில் மிஞ்சிய தாளை நான் அட்டை பொதிய வைத்திருந்தேன், ஆறு வருடப் பழுப்பு அதே மாதிரி இருந்தது. அட்டையை ஆவி காட்டி எடுத்தேன். தையலைப் பிரித்தேன். இரண்டாம் ஃபாரம் பொருளடக்கம், அதை மாற்ற வேண்டும். ஐம்பத்திரண்டாம் ஃபாரம் உங்களுடையது. பழைய ஓட்டையிலேயே ஊசியை விட்டுத் தைத்தேன். புது ஓட்டை ஒன்றுகூடப் போடவில்லை. நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெரியாது. இப்போதும் எனக்கே தெரியவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள். அதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்.

தண்ணீர் குடியுங்கள். காப்பி போடச் சொல்கிறேன். வேண்டாமா? வீட்டில் கோவிலுக்குப் போயிருக்கிறாள், வந்ததும் போடுவாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. டிவி மேல் ஒரு சால்வை மூடியிருக்கிறதே, சரிகை போட்டது, அதைப் பற்றி மட்டும் தெரியும். ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். கோமதிநாயகம் சார் வேலையில் சேர்ந்த மறுவாரம் அச்சகத்துக்கு வந்தார். முதலாளிக்கு ஒரு சால்வை, எனக்கு ஒரு சால்வை. 'அண்ணாச்சி கைய வச்சாத்தான் புத்தகம் புத்தகமாவுது' என்று சொல்லிப் போர்த்தினார். எத்தனை ஆயிரம் புத்தகம் தைத்திருக்கிறேன். மேடையில் எழுதியவருக்குப் போர்த்துவார்கள், வெளியிட்டவருக்குப் போர்த்துவார்கள். பைண்டருக்கு யார் போர்த்துவார்கள்? அதை மடிக்காமல் தோளில் போட்டபடியே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

நான்கு நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது. ஐந்தாம் நாள்தான் முதலாளி மேசையில் உட்கார்ந்து யாரிடமோ ஃபோனில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

'சர்ட்டிபிகேட் பாக்கையில ஒரு பொம்பள ஜெராக்ஸக் கொண்டுபோய் நீட்டியிருக்கா. புத்தகம் எங்கம்மான்னு கேட்டா, படிக்க வாங்கிட்டுப் போன பிள்ளை திருப்பித் தரலங்கா. இவரு புத்தகம் மேசையிலேயே கிடக்கு. அத எடுத்துப் புரட்டுனா, அவ சொன்ன பக்கத்துல நம்ம ஆளு கட்டுரை. பொருளடக்கத்துலயும் அவ பேரு இல்ல. அவ்வளவுதான், ஜெராக்ஸ் போட்டு மோசடியான்னு வெளிய அனுப்பிட்டாவ.'

எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. முதலாளி ஃபோனை வைத்ததும் கேட்டேன், 'அந்தம்மா பேரு என்னவாம்?'

'என்னமோ அம்மன் பேரு' என்றார்.

மேலே நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத்தான் தெரியும். இப்போது வாசலில் நின்று நீங்கள் சொன்னதும் கொஞ்சம் காதில் விழுந்தது. நீங்கள் வேலை பார்த்த கல்லூரிக்கும் கடிதம் போயிற்று, அவர்களும் அடுத்த வருடம் வர வேண்டாம் என்றுவிட்டார்கள், இந்த இன்னொரு படியைத் தேடி நாகர்கோவில் வரை போனீர்கள் என்று. நாகர்கோவிலுக்குப் பதினான்கு படி போயிற்று. என்னிடம் வந்திருந்தால் யார் யார் என்று சொல்லியிருப்பேன். என்னிடம் எப்படி வருவீர்கள்? நான்தான் உங்களிடம் வந்திருக்க வேண்டும். அச்சகத்தில் மிச்சப் படி பத்து கட்டிக் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினால் இருபத்தைந்து நிமிடம். ஒன்றரை வருடமாக ஏறவில்லை. என் மருமகன் முதலாளியிடம்தான் அச்சு மெஷின் ஓட்டுகிறான். அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். அது காரணம்தான். அது மட்டும் காரணம் இல்லை. ஆபீஸில் போய் நான்கு பேர் முன்னால் நின்று வாய் திறந்து பேச எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

ஆனால் உங்கள் கட்டுரையைப் படித்தேன். அன்று சாயங்காலமே எடுத்துப் படித்தேன். நான் கட்டிய புத்தகங்களில் முதலிலிருந்து கடைசிவரை படித்தது அந்த எட்டுப் பக்கம்தான். ஆறு நாள் ஆயிற்று. சலவைத் துணிகளில் போடும் குறிகள் பற்றி. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, கோடு, கோட்டுக்கு மேல் வளைவு. சேங்கொட்டையின் கறைப் பாலால் போட்டால் துணி கிழிந்தாலும் குறி போகாது என்று எழுதியிருக்கிறீர்கள். முந்நூறு வீட்டுத் துணி ஒரே கல்லில் அடித்து ஒரே கொடியில் காயும், ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போகாது என்று. உங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நாற்பத்து மூன்று குறிகள் தெரியும் என்று அடிக்குறிப்பில் இருந்தது. அந்த நாற்பத்து மூன்றையும் நீங்கள் படம் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். நான் எண்ணினேன். நாற்பத்து மூன்று இருந்தது.

உங்கள் அம்மா இருக்கிறார்களா? சரி. சரி, கேட்கவில்லை.

கொஞ்சம் இருங்கள், உள்ளே ஒன்று இருக்கிறது.

இந்தாருங்கள். எடுத்ததை நான் எறிவதில்லை. நாற்பது வருடப் பழக்கம். இந்தப் பழுப்புக் கவருக்குள் ஐம்பத்திரண்டாம் ஃபாரம், எட்டுப் பக்கம். இரண்டாம் ஃபாரம், எட்டுப் பக்கம். மொத்தம் பதினாறு. தேதி மேலே இருக்கிறது. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டைகளைப் பாருங்கள், அந்தப் புத்தகத்தின் தையலில் வைத்தால் ஒரு நூல் பிசகாமல் உட்காரும்.

அந்தப் புத்தகத்தை இப்படிக் கொடுங்கள். ஊசி நூல் இருக்கிறது, பசை மட்டும் காய்ச்ச வேண்டும். முக்கால் மணி நேரத்தில் பிரித்து, அவருடையதை எடுத்துவிட்டு, உங்களுடையதை உங்கள் இடத்திலேயே வைத்துத் தைத்துத் தந்துவிடுகிறேன். பழையபடி தொண்ணூற்றேழு, அறுநூற்றுப் பதினாறு. நாளைக்கு நூலகத்தில் வைத்துவிட்டால்...

என்ன அம்மா? ஏன் புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள்?

ஆமாம். ஆமாம். தைத்துவிட்டால் அவர்களிடம் எதைக் காட்டுவீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. சரியாக்கிவிடலாம் என்றுதான் கை போகிறது. அன்றும் அப்படித்தான் போயிற்று.

அந்தத் தாளைக் கொடுங்கள், கையெழுத்துக் கேட்டீர்களே. கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன். 'மேற்படி நூலின் ஒரு படியில் பைண்டிங்கின்போது சில பக்கங்கள் தவறுதலாக மாறியிருக்கலாம் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.' இப்படி எழுதிக் கொடுத்தது யார்? உங்கள் வக்கீலா? நான் பயப்படாமல் கையெழுத்துப் போட வேண்டும் என்று மெதுவாக எழுதியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் இதில் போட மாட்டேன் அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள். சில பக்கங்கள் இல்லை, பதினாறு. மாறியிருக்கலாம் இல்லை, மாற்றினேன். தவறுதலாக என்பது முழுப் பொய். நான் தவறுதலாக எதையும் செய்கிறவன் இல்லை.

வெள்ளைத் தாள் ஒன்று கொடுங்கள். நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பரவாயில்லையா? முதலில் என்னைப் பற்றி எழுத வேண்டுமாக்கும். பெயர், முத்துக்குட்டி. வயது, அறுபத்தெட்டு. படிப்பு, ஐந்தாம் வகுப்பு. இல்லை, ஐந்தாம் வகுப்பு என்றால் பாஸ் என்று நினைப்பார்கள். முழுப் பரீட்சை எழுதவில்லை, அதையும் போடுகிறேன். வேலை, பைண்டர். நாற்பது வருடம், ஏழு மாதம். நாற்பத்தொன்று என்று போடலாம், எல்லாரும் போடுவார்கள், ஆனால் இன்னும் ஐந்து மாதம் குறைகிறது. பாருங்கள், நாலு வரிதான் வந்தது. அப்போதே சொன்னேன்.

இனி நடந்தது. முதலாளி கடைசியில் சேர்க்கச் சொன்னார், ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைக்கலாம் என்று சொன்னவன் நான். முனைவர் பே. முப்பிடாதி அவர்களின் கட்டுரை முதலில் அச்சான முந்நூறு படியிலும் உண்டு. பக்கம் நானூற்று ஒன்பது முதல் நானூற்றுப் பதினாறு வரை. அதை ஒரு படியிலிருந்து எடுத்தவன் நான். எடுத்த தாள்களை இன்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். மருமகனைப் பற்றி எழுத வேண்டாம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. இப்படிச் செய்தது இந்த ஒரு புத்தகத்தில் மட்டுமே. இப்படிக்கு.

போதுமா? படித்துப் பாருங்கள்.

என்ன பார்க்கிறீர்கள்? கவரையா? அது தேதி. ஞாயிற்றுக்கிழமை. மூலையில் இருப்பதா?

அது எண். ஒன்று.

ஒன்றே ஒன்றுதான் என்றால் எதற்காக எண் போட வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சலவைக் குறி படித்தவர்கள். உங்கள் கண்ணுக்குத் தப்புமா.

பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன் அம்மா.

ஐந்து. மொத்தம் ஐந்து. அந்த இன்டர்வியூ காலத்திலேயே இன்னும் மூன்று பேர் வந்தார்கள். முதலாளிக்கு என் வழி பிடித்துவிட்டது. கணக்கு இடிக்காத வழி. வேறு வேறு கருத்தரங்கப் புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவரை எடுத்தோம், எட்டுப் பக்கத்தில் அடங்கியவர்களாகப் பார்த்து. அவர்களுக்கு ஒன்றும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். தெரியாது. ஐந்தாவது, உங்கள் சங்கதி எனக்குத் தெரிந்த பிறகு. பசை காய்ச்சினேன் என்று சொன்னேனே, அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து. முதலாளி கேட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை வந்தது.

வந்ததிலிருந்து உங்களிடம் ஒன்று, ஒன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணத் தெரியாமல் சொல்லவில்லை.

தாளைத் திருப்பிக் கொடுங்கள். கவர்கள் உள்ளேதான் இருக்கின்றன, எடுத்து வருகிறேன். நான்கு பெயரும் மேலே எழுதியிருக்கிறது. அவர்களுக்கு இன்னும் தெரியாது. அந்தப் பெயர்களையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

பாருங்கள், 'ஒரு' என்பதை அடித்துவிட்டு மேலே ஐந்து என்று போட்டிருக்கிறேன். 'மட்டுமே' என்பதையும் அடித்துவிட்டேன். திருத்தினால் திருத்திய இடத்திலும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்பார்களே, எங்கே போடட்டும்? காட்டுங்கள்.